அப்பாவின் காப்பும் எங்கள் முறைத் தண்ணீரும்

எங்கள் ஊரில் ரொம்ப நல்லவர் என்று பெயரெடுத்தவர் என் அப்பா. அவர் நல்லவராக இருந்ததால் எங்கள் வீட்டில் பெரும்பாலும் கஞ்சிதான்.

பங்குனியில் அம்மன் கோயில் திருவிழா வரும். ஊர் சார்பில் ஒருவர் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டிக்கொள்ள வேண்டும். எட்டு நாளும் அவருக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. காப்புக் கட்டியவரிடம் யார் எதைக் கேட்டாலும் அவர் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஆத்தா கோபித்துக்கொண்டு மழையை நிறுத்திவிடுவாள். இதில் ஊரே உறுதியான நம்பிக்கை வைத்திருந்தது. அதனால்தான் காப்புக் கட்டிக்கொள்ள ஒருவரும் முன்வருவதில்லை. வருஷா வருஷம் அப்பாதான் கையை நீட்டுவார்.

அந்த எட்டு நாளும் ஊர்க்காரர்களுக்குத் திடீர் திடீரென்று தேவைகள் முளைக்கும். ஒரு வருஷம் கூரைமேல் கிடந்த பூசணிக்காய்கள் போயின. இன்னொரு வருஷம் சினையாடு போனது. விதைக்கு வைத்திருந்த நெல்லும் ஒரு முறை போனது. அம்மியைக் கேட்டு வந்தவளை, அம்மா அம்மிமேலேயே உட்கார்ந்துகொண்டு திருப்பி அனுப்பினாள். அப்பா கோயிலில் இருந்ததால் அது தெய்வக் குற்றமாகவில்லை. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் முகம் நிறைந்திருக்கும். எங்கள் வயிறு அப்படி இருக்காது.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தின் முடிவுப் பரீட்சையான செர்த்திபிக்காவில் நான் தேறிய வருஷம் ஏரியில் தண்ணீர் குறைவு. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கி மேலே படித்தால் டீச்சர் ஆகலாம். இடமும் கொடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, ஒரு வருஷத்துக்கு நான் தின்கிற அரிசியை நாங்களே கொண்டுவந்து போட வேண்டும். அந்தக் கன்னியாஸ்திரீகள் தியாகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுவார்கள். ஆனால் அரிசி விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த அரிசி எங்கள் கழனியில் நவரைப் பட்டத்தில் கதிராக நின்றுகொண்டிருந்தது. பால் பிடிக்கும் பருவம். பாகூர் ஏரியிலிருந்து வரும் வாய்க்காலில் அந்த வருஷம் பத்து நாளுக்கு ஒரு முறை, பொழுது விடிந்ததிலிருந்து உச்சிவரைக்கும்தான் எங்களுக்குத் தண்ணீர். அந்த ஒரு முறை பாய்ந்துவிட்டால் நெல் முற்றிவிடும். தவறினால் எல்லாம் பதர். எங்கள் முறை, காப்புக் கட்டின ஐந்தாம் நாள் வந்தது.

அன்று காலையில் அப்பா கோயிலிலிருந்து வந்து, நிறைந்த முகத்தோடு அம்மாவிடம் சொன்னார்.

"இன்னிக்கித் தண்ணிய கீழ்க்கழனிக்கு வுடச் சொல்லிட்டேன். பாவம், கேட்டான்."

கீழ்க்கழனிக்காரர் அப்பாவுக்குத் தம்பி முறை. எனக்குச் சித்தப்பா. அவருக்கென்று வேறு முறை இருந்தது. அது இரண்டு நாள் முன்னால்தான் பாய்ந்திருந்தது. அவர் கழனியில் கிணறும் இருந்தது. ஏற்றக்கால் முறிந்து மூன்று வருஷம். அதை நிமிர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. வருஷா வருஷம் காப்புக் கட்டினதும் எங்கள் முறை அவருக்குப் போய்விடும்.

"இந்த மொற போனா எல்லாம் பதராப் போவும்" என்றாள் அம்மா.

"ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தாவா வந்து நாத்து நட்டா? நானில்ல நட்டேன்."

அப்பா கோயிலுக்குத் திரும்பிப் போய்விட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் ஒரு தியாகிதான். அப்பா ஊருக்காகத் தியாகம் செய்தார், அம்மா அப்பாவுக்காக. அந்த வரிசையில் அடுத்த இடம் எனக்கென்று காலியாக இருந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன்.

தண்ணீர் எங்கள் கழனியைத் தாண்டிக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தேன். எங்கள் வரப்பை வெட்டி வழிவிட்டேன். தண்ணீரைப் பங்கிட்டுத் திறந்துவிடும் நீர்க்கட்டி, நேரம் பார்க்கும் நிழல் குச்சியை நட்டுவிட்டுப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். கீழே தண்ணீர் நின்றதும் சித்தப்பா மேலே ஏறி வந்தார்.

"இன்னாடி இது, பொட்டப்புள்ள மம்பட்டியத் தூக்கினு? உங்கப்பன் எனக்குக் குடுத்துட்டான். மண்ண எடு."

"இன்னிக்கி எங்க மொற, சித்தப்பா. ஒங்க மொற அன்னிக்கே பாஞ்சிடுச்சு. அதுல ஒரு சொட்டு நாங்க தொடல."

"நாலு எழுத்துப் படிச்சதும் கண்ணு மண்ணு தெரியல. அந்தத் தருமவான் வயித்துல இப்பிடி ஒண்ணு! இரு, சர்க்கார் மேர்கிட்டப் போயி பிராது குடுக்கறேன்."

"குடுங்க. எழுதறதுக்கு ஆள் வேணுமில்ல? நானே எழுதித் தரேன். பிரெஞ்சுலயே எழுதித் தரேன்."

நீர்க்கட்டிக்குப் புரையேறிவிட்டது. கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்த நல்லவாடு குப்பத்து மீன்காரி நின்றுவிட்டாள். அவளிடம் சித்தப்பா நியாயம் கேட்டார்.

"நீயே சொல்லு. காப்புக் கட்டினவன் குடுத்தத இவ தடுக்கறா. அடுக்குமா?"

"எனக்கு இன்னா தெரியும் சாமி? நான் கூடை மீனைச் சும்மாக் குடுத்தா, நாளைக்கி எங்கூட்டுக்காரன் வலைய எங்க போயி வாங்குவான்? மறுநாளு ஒங்களுக்கும் மீனில்ல, எங்களுக்கும் கூழில்ல." அவள் கூடையை இடுப்பு மாற்றினாள். "நெத்திலி இருக்குது, வேணுமா? சும்மா இல்ல."

சித்தப்பாவுக்கு நெத்திலி வேண்டியிருக்கவில்லை. நேரே கோயிலுக்குப் போய் அப்பாவைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்து அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். மஞ்சள் கயிற்றுக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்பா நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்க்கவே கூச்சப்படுவதுபோல் இருந்தது. அது எனக்குக் கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"மண்ண எடும்மா. வாக்குக் குடுத்துட்டேன். இன்னொருத்தனுக்கு வுட்டுக்குடுக்கறதுதான் மனுசனுக்கு அழகு."

காலையில் கழனிக்கு வரும் வழியிலேயே நான் பல நியாயங்களை யோசித்து வைத்திருந்தேன். நட்டது அம்மா, களையெடுத்தது நான், எங்கள் வயிற்றை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது தருமமா, என்றெல்லாம். அவற்றில் ஒன்றும் அப்பாவிடம் எடுபடாது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அப்போதுதான் அந்தக் கயிறு கண்ணில் பட்டது. இத்தனை வருஷத்தில் ஊரே வந்து அவரிடம் கேட்டிருக்கிறது. அம்மாவோ நானோ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்பது எங்களுக்கு அழகில்லை என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, காப்புக் கட்டின கையி. நான் கேக்கறேன். இந்தத் தண்ணிய எனக்குக் குடு."

அப்பா வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்ல முடியாமல் மூடிக்கொண்டார்.

"நாந்தான் மொதல்ல கேட்டேன்!" என்றார் சித்தப்பா.

"மொதல்ல கேட்டவன், அப்பால கேட்டவன்னு வழக்கத்துல ஒண்ணும் கெடையாதே" என்றார் நீர்க்கட்டி, குச்சியின் நிழலைப் பார்த்தபடி. "எனக்குத் தெரிஞ்சு எட்டு நாளும் யாரு கேட்டாலும்தான்."

அப்பா யோசித்தார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. சித்தப்பாவுக்குக் கொடுத்தால் எனக்கு இல்லை என்றாகும். எனக்குக் கொடுத்தால் அவருக்கு இல்லை என்றாகும். இரண்டிலும் மழை நின்றுவிடும். யோசிக்க யோசிக்க நிழல் குறுகிக்கொண்டே வந்தது. தண்ணீருக்கு அந்தக் குழப்பம் இல்லை, அது எங்கள் கழனியில் ஏறிக்கொண்டே இருந்தது. நிழல் குச்சியின் அடியில் சேர்ந்ததும் நீர்க்கட்டி எழுந்து, "மொற முடிஞ்சிது" என்றார்.

எல்லாரும் கலைகிற நேரத்தில் அம்மா முன்னால் வந்தாள்.

"எனக்கும் ஒண்ணு வேணும். வர்ற வருசம் வேற யாராவது கையை நீட்டட்டும்."

இல்லை என்று சொல்ல இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்ததால், அப்பா தலையை ஆட்டினார்.

அந்த வாரமே சித்தப்பா என்னைத் திட்டிக்கொண்டே ஏற்றக்காலை நட்டுக் கிணற்றிலிருந்து இறைத்தார். திட்டுவதும் இறைப்பதும் ஒரே தாளத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். அவர் கழனியும் தப்பியது. அதன்பிறகு, தன் கிணற்றுத் தண்ணீரைப்போல் ஏரித் தண்ணீர் இனிக்காது என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இத்தனை வருஷம் எங்கள் தியாகம் அவருக்குச் செய்யாத உதவியை, நான் மறுத்தது செய்தது. இதற்காக யாரும் என்னைப் புண்ணியவதி என்று சொல்லவில்லை. சுயநலக்காரி என்று பெயர் வந்தது. நெல் வீட்டுக்கு வந்துவிட்டதால் அந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகவே இருந்தது.

அடுத்த பங்குனியில் காப்புக்குக் கை நீட்ட ஆளில்லை. ஊர் கூடிப் பேசி, இனிமேல் காப்புக் கட்டியவரிடம் எலுமிச்சம்பழம் மட்டும்தான் கேட்கலாம் என்று முடிவு செய்தது. உடனே நான்கு பேர் போட்டிபோட்டுக் கையை நீட்டினார்களாம். மழையும் வழக்கம்போல் பெய்தது. நான் அப்போது புதுச்சேரியில் இருந்தேன். அம்மா வந்து சொல்லித்தான் தெரியும்.

அறுவடை முடிந்ததும் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது அப்பா. அரிசி மூட்டைகளை வண்டியில் ஏற்றும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. பாதி வழி தாண்டியதும், "காலு மரத்துப்போச்சா?" என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூட வாசலில் மூட்டைகளைத் தானே தோளில் சுமந்து இறக்கினார். கணக்குப் பார்த்த கன்னியாஸ்திரீ நல்ல அரிசி என்று சொன்னதும் அவர் முகம் பழையபடி நிறைந்தது.

"எங்க வயித்தக் கட்டி எம்பொண்ணுக்காகக் குடுக்கறோம், தாயே" என்றார்.

கன்னியாஸ்திரீ நெகிழ்ந்துபோய் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அந்த வருஷம் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம், அப்பா உள்பட. அதை அங்கே சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உள்ளே போவதற்கு முன் அவர் தோளில் ஒட்டியிருந்த தவிட்டை மட்டும் தட்டிவிட்டேன்.