தம்பியின் இருமல்

என் மகள் நூஹாவின் சட்டை தோளிலிருந்து வழுக்கத் தொடங்கியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். இருமல் அதற்கு முன்பே இருந்தது. கற்பிட்டிக் காற்றுக்கு எந்தப் பிள்ளைதான் இருமாது என்று விட்டிருந்தோம். பெருநாளுக்குத் தைத்த சட்டை, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிறுக்க வேண்டியது, பெருத்துக்கொண்டே போனது.

இருமல் பாணி மருந்து கொடுத்தோம். பிறகு அன்டிபயோட்டிக் (கிருமிகொல்லி மருந்து) கொடுத்தோம். மாலையானால் உடம்பு சுட்டது. ஓடித் திரிந்தவள் படியில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் காசநோயாக இருக்கலாம் என்றார்கள். சிறு பிள்ளைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் வெறும் வயிற்றில், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு அதை எடுத்தார்கள். அவள் கைகளை நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன்.

"விடுங்க உம்மா."

விடவில்லை.

முடிவு வந்தது. கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் மட்டும், நுரையீரலின் ஓரத்தில் நிணநீர்க் கணு (நோயை எதிர்க்கும் சிறு முடிச்சு) வீங்கியதுபோல ஒரு நிழல். அது உறுதியில்லை என்றார் டொக்டர். இளம் பெண் அவர், நிதானமாகக் கதைப்பவர்.

"வீட்டில யாருக்கும் கனநாளா இருமல் இருக்கா?"

"இல்ல டொக்டர்."

"முன்னம் உங்களோட இருந்த ஆருக்கும்?"

என் தம்பி பாரிஸ், கடற்கரை மீன்வாடியில் தொழில் செய்தவன். உடம்புக்கு முடியாமல் போனதும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போகக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. நோன்பு பிறப்பதற்கு முன் இறந்துவிட்டான்.

"என்ட தம்பி. மவுத்தாகிட்டான். தொய்வு, இழுப்பு வருத்தம் எண்டு நினைச்சம்."

மெலிந்தாரா, இரவில் வியர்த்ததா, சளியில் இரத்தம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். ஒவ்வொரு ஓமிலும் அவன் மறுபடி இறந்துகொண்டிருந்தான்.

"பிள்ளையத் தூக்குவாரா?"

"அவன்ட மடியில இருந்துதான் இவ சோறு தின்னுவா."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். அன்றே மருந்து தொடங்க வேண்டும் என்றார்.

"கிருமி இல்லயெண்டு வந்திருக்கே, பிறகு என்னத்துக்கு மருந்து?" என்று கேட்டார் என் கணவர்.

"பிள்ளைகள்ட சளியில கிருமி குறைவு, லேசில பிடிபடாது. அது பிடிபடும்வரை பாத்துக்கொண்டிருந்தா மூளைக்கு ஏறலாம். மெலிவு, காய்ச்சல், எக்ஸ்ரே, மாமாட இருமல் வருத்தம், எல்லாத்தையும் சேத்துப் பாத்துத்தான் சொல்றன்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

தண்ணீரில் கரையும் குளிசைகள் (மாத்திரைகள்). சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சொல்லியும் பயந்தேன். சில வாரங்களில் காய்ச்சல் விட்டது. ஒரு காலை, தானாகவே பாணும் சம்பலும் தின்னக் கேட்டாள். குசினி அடுப்படியில் நின்று அழுதேன். அவள் தேறியும், மாதக்கணக்கில் அந்த மருந்தை நிறுத்தவில்லை. எங்களையும் பரிசோதித்தார்கள், எங்களுக்கு நோய் இருக்கவில்லை.

இதே நிலையில் நிற்கும் உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: கிருமி காணவில்லை என்ற முடிவு, நோய் இல்லை என்ற முடிவு அல்ல. வீட்டில் இருமியவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். இறந்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நூஹா இப்போது ஓடுகிறாள். ஆனால் அவள் நோய் தொடங்கிய நாளை என்னால் குறிக்க முடியவில்லை. நாங்கள் சந்தோஷமாக இருந்த ஏதோ ஒரு நாளில்தான் அது அவளுக்குள் போயிருக்கிறது.

போனில் ஒரு வீடியோ இருக்கிறது. பாரிஸ் எடுத்தது, அதில் அவன் முகம் இல்லை. நூஹா அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிறாள். அவன் மவுத்தான பிறகு எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறேன், அவள் சிரிப்பு மட்டுமே கேட்டது. இப்போது அவன் இருமுவது மட்டும் கேட்கிறது.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாள். போடுகிறேன். அது முடியும்வரை நான் மூச்சு விடாமல் இருந்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிகிறது.