டொக்கென்று கேட்ட முதுகு

பீங்கான் கோப்பையைக் குச்சியால் தட்டினால் நல்லது 'கிண்' என்னும், விரிசல் விழுந்தது 'டொக்' என்னும். அதைக் காதால் கேட்டுத் தரம் பிரிப்பதுதான் விருத்தாசலம் பீங்கான் ஆலையில் பதினைந்து வருஷம் என் வேலை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கும் பெண்களே, உங்களுக்கே தெரியும்: நம் எலும்பு மட்டும் முன்கூட்டிச் சத்தம் கொடுப்பதில்லை.

பன்னிரண்டாவது பலகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கம். வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கோப்பை அடுக்கிய பலகைகளில் பதினொன்றைத் தூக்கி வைத்துவிட்டேன். பன்னிரண்டாவதைத் தூக்கும்போது முதுகில் சுளீரென்றது. நான் விழவும் இல்லை, வழுக்கவும் இல்லை. இருபத்து நான்கு கோப்பையும் பத்திரம். கூட வேலை செய்த ராஜாமணி என்னை உட்காரவைத்து, கையிலிருந்த குச்சியால் என் முதுகெலும்பை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டாள்.

"எல்லாமே டொக்குனுதான் கேக்குதுக்கா. ஒண்ணுகூட தேறாது."

சுவரில் ஒரு கோடு

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு தேய்ந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, முதுகில் ஒன்று நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை, இடுப்புக்கு பெல்ட். கனம் தூக்கவே கூடாது. "உயரம்கூடக் குறைஞ்சிருக்குமே?" என்று கேட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோப்பைக்கு அச்சு செய்யும் கூடத்துச் சுவரில் விளையாட்டாக என் உயரத்தைக் குறித்திருந்தோம்: ஐம்பத்தெட்டு அங்குலம். போய் நின்று பார்த்தேன். ஒன்றே கால் குறைந்திருந்தது. அச்சு வார்க்கும் கோவிந்தண்ணன் அளவுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

"சூளையில வெந்தா பத்துக்கு ஒண்ணு சுருங்குறது வழக்கம்தாங்க. உங்களுக்கு இன்னும் நாலரை அங்குலம் பாக்கி இருக்குது."

ஓட்டு

தூக்க முடியாதவர்களுக்கு எங்கள் பிரிவில் இடமில்லை. டாக்டரம்மா பேச்சைக் கேட்டால் வேலை போகும். வேலையைப் பார்த்தால் முதுகு போகும். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பிரிவின் எட்டுப் பேரும் உடைந்த கோப்பைக் கைப்பிடிகளைப் போட்டு, நான் யார் வைத்தியத்தைப் பார்ப்பது என்று ஓட்டெடுத்தோம். வேப்பூர்ப் பக்கத்துக் கட்டு வைத்தியருக்கு நான்கு, பிரண்டைத் துவையலுக்கு மூன்று, டாக்டரம்மாவுக்கு ஒன்று. அந்த ஒன்று நான் போட்டது.

"டாக்டரம்மாவுக்கு டெபாசிட்டும் போச்சுக்கா," என்றாள் ராஜாமணி.

மாவுக்கட்டு

அடுத்த மாதம் ராஜாமணி குழாயடியில் வழுக்கிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. என்னைவிட மூன்று வயதுதான் இளையவள். அவளுக்கும் அதே தேய்மானம். கட்டு வைத்தியருக்கு ஓட்டுப் போட்டவளை நான்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கையில் பூசிய மாவு, எங்கள் அச்சுக்கூடத்தில் கரைக்கும் அதே வெள்ளை மாவு. ராஜாமணிக்குத் தைரியம் வந்துவிட்டது. அரை மணி பொறுத்து, விரலால் சுண்டிப் பார்த்து, கழற்றச் சொன்னாள். ஆறு வாரம் ஆகும் என்றார் டாக்டரம்மா.

"ஆறு வாரமா? நாங்க அரை மணியில கழட்டிடுவோங்க. உங்க மாவுல தண்ணி ஜாஸ்தி."

இரண்டாம் தரம்

உட்கார்ந்து வேலை செய்ய அனுமதி கேட்க மேஸ்திரி அறை வாசலில் மூன்று நாள் நின்றேன். மூன்று நாளும் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். நாலாம் நாள் ராஜாமணி நல்ல கையால் என்னை உள்ளே இழுத்துப் போனாள். பின்னாலேயே மற்ற ஆறு பேரும் வந்துவிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு ஓட்டுப் போடாத ஆறு பேர்.

"இவங்க ஆறு பேரும் தூக்குவாங்க, நாங்க ரெண்டு பேரும் உக்காந்து தட்டுறோம். கோப்பை கணக்குல ஒண்ணு கொறைஞ்சா கேளுங்க," என்றாள் ராஜாமணி.

மேஸ்திரி எழுந்து எங்கள் இருவரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் பெல்ட்டைப் பார்த்தார். அவள் கட்டைப் பார்த்தார்.

"விரிசலும் இருக்குது, கோணலும் இருக்குது. ஆனா ஒடைச்சிப் போடுற சரக்கு இல்ல. செகண்டுல வையுங்க."

அதன்பின் ஏழு வருஷம் உட்கார்ந்தே தட்டினேன், மாத்திரையை ஒருநாளும் விடவில்லை, கோவிந்தண்ணன் சொன்ன அந்த நாலரை அங்குலமும் இன்னும் என்னிடமே இருக்கிறது.