முந்தின கோலத்தில் ஒரு படம்

எனக்குப் பத்து வயது நடந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கவிருந்த ஓட்டுக்கூரை என்னால் இல்லாமல் போயிற்று. ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது யாராவது கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வேன். வருத்தப்படுகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்யம். அப்பா தக்கலைக்கு மேற்கே ஒரு சின்னச் சபையில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலாக இருக்கும் கட்டடமே மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். மேலே பனையோலை. ஆனி, ஆடி மழையில் நாங்கள் சிலேட்டை அழிக்க வேண்டியதில்லை. கூரையே அழித்துக் கொடுக்கும். அப்பா ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பார். அம்மா பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பாள்.

சீமையிலிருந்து ஒரு துரையும் துரைசாணியும் வருகிறார்கள் என்று மிஷன் பங்களாவிலிருந்து ஆள் வந்து சொன்னான். எங்கள் மிஷனுக்கு அங்கேயிருந்து உதவி சேர்த்து அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். பள்ளிக்கூடங்களைப் படம் பிடித்துக் கொண்டுபோய், தங்கள் ஊர்ச் சபைகளில் வெள்ளைத் துணியில் விளக்கு வெளிச்சத்தைப் பாய்ச்சிக் காட்டுவார்களாம். பார்த்தவர்கள் மனமிரங்கிக் கொடுப்பார்களாம். அந்த இரக்கம் எங்கள் ஊருக்கு ஓடாக வந்து சேரும் என்று சித்தப்பா விளக்கினார். நாகர்கோவிலில் படித்து இங்கிலீஷ் பேசக் கற்றவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். மொழிபெயர்த்துச் சொல்ல அவரையே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

பங்களாவிலிருந்து வெள்ளைத் துணி வந்தது. பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அம்மா சட்டை தைத்தாள். கழுத்தை ஒட்டிப் பித்தான், முழங்கைவரை கை. மற்ற எல்லோருக்கும் வெட்டிய பிறகுதான் எனக்கு வெட்டினாள். உபதேசியார் வீட்டுப் பிள்ளை முதலில் எடுத்துக்கொண்டது என்று ஒருத்தி சொல்லிவிடக் கூடாதாம். அதனால் எனக்கு வலது கைக்குத் துணி பத்தவில்லை, ஒட்டுப் போட்டாள். அந்த ஒட்டு வெளியே தெரியாதபடி அவள் போட்ட தையலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் திரிந்தேன்.

வந்தார்கள். கார் ஊருக்குள் வர வழியில்லை. பெரிய ரோட்டிலிருந்து வழி பிரியும் விலக்கில் நிறுத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு வரப்பு வழியாக நடந்து வந்தார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளை மேற்பார்க்கும் பங்களாத் துரையும் கூட வந்தார். நாங்கள் பாட்டுப் பாடினோம். நான் வேதத்தில் கர்த்தர் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஒரு வார்த்தையும் புரியாத சீமைத் துரை ஒவ்வொரு கற்பனைக்கும் தலையாட்டினார். துரைசாணி ஒரு சிறுபிள்ளையின் காலில் புண்ணைக் கண்டு, மண்தரையிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் கழுவி, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் கெட்டவள் இல்லை.

பிறகு மூன்று கால் நிறுத்தி அதன்மேல் படப்பெட்டியை வைத்தார்கள். சீமைத் துரை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எங்களைப் பார்த்தார். வெளியே வந்தார். மறுபடி பார்த்தார். அவர் முகம் சரியில்லை. துரைசாணியோடு என்னவோ பேசினார். சித்தப்பாவோடு நெடுநேரம் பேசினார். சித்தப்பா என்னிடம் வந்தார். மழை ஒழுகும்போது தரை துடைக்கிற கந்தைத்துணி அவர் கையில் இருந்தது.

"மக்கா, தொரைக்கு ரெண்டு படம் வேணும். ஒண்ணு முந்தின கோலம், ஒண்ணு இப்பத்த கோலம். நீ மெலிஞ்சிருக்கே, கண்ணும் பெருசு. அதனால ஒன்னத்தான் கேக்காவ. அந்தச் சட்டைய அவுத்துப் போட்டுட்டு இதச் சுத்திட்டு வா. முடியையும் அவுத்து விடு."

"முந்தின கோலம்னா என்ன சித்தப்பா?"

"வேதத்துக்கு வாறதுக்கு முந்தி நீ இருந்த கோலம்."

"நான் எப்ப அப்படி இருந்தேன்? நான் பொறந்ததே இந்தக் கோயிலுக்குப் பொறத்தாலதானே?"

"ஏட்டி, நீ இல்லன்னா ஒன்னப்போல ஒருத்தி. எல்லாரும் இவ்வளவு நல்லா இருந்தா அங்க உள்ளவங்க எப்பிடி எரங்குவாவ? ஒரு படந்தானே."

"அப்போ அது பொய்யில்லியா? பொய்ச்சாட்சி சொல்லப்படாதுன்னு இப்பத்தானே ஒப்பிச்சேன். தொர தலையாட்டிக் கேட்டாரே."

உண்மையைச் சொன்னால், கற்பனை எனக்கு இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தது. முதலில் வந்தது அந்தத் துணியின் நாற்றம்.

நான் சொன்னதைச் சித்தப்பா மொழிபெயர்க்கவில்லை. என்னவோ வேறு சொன்னார். துரைசாணி பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்! நெற்றி சுடவில்லை என்று கண்டதும் அவள் சிரித்தாள். கூச்சம் என்று நினைத்திருப்பாள். என்னைத் தன் பக்கம் இழுத்து, கன்னத்தைத் தட்டி, கழுத்துப் பித்தானைத் தானே கழற்றினாள்.

நான் பின்னால் பாய்ந்தேன். நடுவில் நின்ற பனந்தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "மாட்டேன்" என்றேன். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். காருக்குக் காவல் நின்றவனுக்குக்கூடக் கேட்டதாம்.

பங்களாத் துரை எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். "உபதேசியாரே, பிள்ளையை அடக்கும்" என்றார்.

அப்பா தலை குனிந்து நின்றார். ஊர்க்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு படந்தானே உபதேசியாரே. ஓடு கிடச்சிரும்லா."

அப்போது பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து அம்மா வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்த்துப் பேசினால் அம்மா கை எங்கே விழும் என்று என் கன்னத்துக்கு நன்றாகத் தெரியும். அடி விழவில்லை. கழுத்தில் அவள் விரல்கள் பட்டன. கழன்ற பித்தானை மாட்டினாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். பெரியவர்கள் முன்னால் அவள் குரல் எழுப்பி நான் கேட்டதேயில்லை.

"தம்பி, தொரட்ட சொல்லும். இந்தச் சட்டைய நான் தச்சேன். போடுததுக்குத் தச்சேன், அவுக்கதுக்குத் தைக்கல்ல."

சித்தப்பா துரை பக்கம் திரும்பினார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பங்களாத் துரைக்கு எல்லாம் புரிந்து காதுவரை சிவந்துவிட்டது. அவர் மறுபடி அப்பாவைப் பார்த்தார்.

"அய்யா, பிள்ள கற்பனையத்தான் சொல்லுதா" என்றார் அப்பா, தலை நிமிராமலே. "நான் படிப்பிச்சதுதான். அத மாத்திப் படிப்பிக்க எனக்குத் தெரியாது."

படப்பெட்டியை மடக்கினார்கள். துரைசாணி போகும்போது எல்லோருக்கும் பெப்பர்மிட்டாய் கொடுத்தாள், எனக்கும் நீட்டினாள். தான் என்ன தவறு செய்தோம் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் மிட்டாயை வாங்கவில்லை. பிறகு அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

வேறு ஏதோ ஊரில் ஒரு பெண்பிள்ளையை அந்தக் கோலத்தில் படம் பிடித்ததாகவும், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு வந்ததாகவும் கேள்விப்பட்டோம். எங்கள் கூரை அந்த ஆனியிலும் ஒழுகியது. கூடப் படித்த எஸ்தர் நனைந்த சிலேட்டைத் தூக்கிக் காட்டி, "ஏட்டி, ஒன் சட்டையாலதான் எங்க ஓடு போச்சு" என்றாள்.

"நனஞ்சா நனஞ்சுட்டுப் போ" என்றேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் இரண்டு வாரம் பேசவில்லை.

மழை முடியுமுன்பே அப்பாவுக்கு மாற்றல் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு புதுச்சபை. அங்கே கோயிலே கிடையாது, இனிமேல்தான் கட்ட வேண்டும். சித்தப்பா வந்து, பங்களாத் துரையைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் மாற்றலை நிறுத்திவிடலாம் என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். சித்தப்பா குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். உபதேசியார்களை இடம் மாற்றுவது வழக்கம்தான், இதுவும் அதுபோல ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புறப்பட்ட அன்று அப்பா மாட்டுவண்டியில் பெட்டி, பாத்திரங்களோடு குறுக்கு வழியில் போனார். அம்மா வண்டியில் ஏறவில்லை. என்னையும் ஏற விடவில்லை. அந்த வெள்ளைச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டு, தானும் பெட்டியில் கிடந்த நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துச் சந்தை வழியாக நடத்திக் கூட்டிப்போனாள். சந்தை கூடும் நாள். மழை விட்ட உச்சி வெயில். மரச்சீனிக்கிழங்குக் குவியலுக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவே, சந்தையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தோம். ஒன்றும் வாங்கவில்லை. விலைகூடக் கேட்கவில்லை.

"எதுக்கும்மா இந்தச் சுத்து? வண்டியில போயிருக்கலாம்லா?"

"நட. தலைய நிமித்தி நட."

எங்கள் சாதிப் பெண்கள் மாரை மறைத்தால் அடி விழும் என்றிருந்த ஒரு காலத்தில், அந்தச் சந்தையில் வைத்துத்தான் அம்மாவின் முன்னோரில் ஒருத்தி போட்டிருந்த குப்பாயம் என்னும் சட்டையைப் பிடித்துக் கிழித்தார்கள். கிழித்த பிறகும் மறு சந்தைக்கு அவள் வேறொன்றைப் போட்டுக்கொண்டு போனாள். அந்தக் குப்பாயத்தைத் தைக்க முதன்முதலில் எங்கள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும், அவர்களுக்காகச் சர்க்காரோடு வழக்காடியதும் சீமையிலிருந்து வந்தவர்கள்தான். இவ்வளவும் எனக்குத் தெரியவந்தபோது நானே நாலு ஊரில் வாத்திச்சியாக இருந்து முடித்திருந்தேன். அம்மா இல்லை.

அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. கால் சுடுகிறது என்று சந்தை முழுக்க அழுதேன். அம்மா கொஞ்சங்கூட வேகமாக நடக்கவில்லை.