குருசுமுத்து ஓடாவியாரின் கம்பிச்சுருள்

உயிர்த்த ஞாயிறன்று குருசுமுத்து ஓடாவியார் தும்மியதை எங்கள் ஊர் ஒரு வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்தான். அதற்கு முன் பதினெட்டு வருடம் அந்த மனிதன் தும்மாமல் இருந்ததை ஒருவராவது பாராட்டினார்களா?

ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கும் சின்னக் கோயில் எங்களுடையது. உயிர்த்த ஞாயிறு விடியற்பூசைக்குப் பீடத்துக்கு அருகில் பலகையால் ஒரு கல்லறை கட்டுவார்கள். மணி அடித்ததும் அதன் கதவு விழும். பின்னாலிருந்து ஆண்டவரின் சுருபம் மெல்ல மேலே எழும்பும். வள்ளம் கட்டும் ஓடாவியான குருசுமுத்தர்தான் உள்ளே குந்தியிருந்து கயிறு இழுப்பவர். 1935இல் பாதி இழுவையில் தும்மல் வந்தது. கயிறு நழுவியது. சுருபம் முழங்கால் அளவுக்கு இறங்கியது. பாட்டுக்காரர்களான நாங்களே முதலில் சிரித்தோம், வெட்கக்கேடு.

அன்றிலிருந்து அவருக்குத் 'தும்மல் ஓடாவி' என்று பெயர். இறங்குதுறையில் யாகப்பு தினமும் அவரைப் பார்த்து மூக்கைப் பிடித்துக் காட்டுவான். கல்லறைக் கயிறு இழுக்கும் வேலை தன் கைக்கு வரவேண்டும் என்று வெகு நாளாக ஆசைப்பட்டவன் அவன்.

அடுத்த வருடம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம் தொடங்கியதும் குருசுமுத்தர் சுவாமியாரிடம் போனார்.

"சுவாமி, இனிக் கல்லறைக்குள்ளை மனுசர் வேண்டாம். மின்சாரத்தாலை செய்து தாறன்."

"செய்யும். ஆனால் இந்த முறையும் பிழைச்சுதெண்டால் வேலையை யாகப்புவிட்டைக் குடுத்துப்போடுவன்," என்றார் சுவாமியார்.

மோட்டார் லாஞ்சில் மெக்கானிக்காக இருந்த புளியங்கூடல் சிவபாதம் இரண்டு பற்றரியும் பழைய டைனமோக் கம்பியும் கொண்டுவந்தார். யோசனை எளிமையானது. மறுபக்கத்தில் தொங்கும் மணல்மூட்டை சுருபத்தைத் தானாகவே மேலே தூக்கும். அதைத் தடுத்து நிற்பது ஒரு இரும்புத் தாழ். நூல்கட்டை மாதிரி ஒரு கட்டையில் கம்பியைச் சுற்றி மின்சாரம் விட்டால் அது காந்தமாகித் தாழை உள்ளே இழுத்துப் பிடிக்கும். பிடி விட்டால் தாழ் திரும்பப் பாய்ந்து சுருபத்தை நடுவழியில் நிறுத்திவிடும். சுருபம் முழுதாக எழும்ப, விசுவாசப்பிரமாணச் செபத்தை ஒருமுறை சொல்லும் நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் சுருள் சூட்டைத் தாங்க வேண்டும்.

முதல் கட்டை காகித அட்டை, ஒட்டியது மாப்பசை. மனைவி நேசம்மா செபத்தைச் சொல்ல, இவர் சுவிச்சை அழுத்தினார். செபத்தின் நடுவில் பிலாத்துவின் பெயர் வருவதற்குள் அட்டை கருகிவிட்டது.

"இதென்ன பெரிய வேலை?" என்றார் குருசுமுத்தர். "கடலுக்கே அசையாத பசை என்னட்டை இருக்கு."

அங்கேதான் பிழை விட்டார். பூவரச மரத்தில் அழகாகக் கட்டை கடைந்து, வள்ளத்துக்குப் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஒட்டினார். வள்ளம் கட்டுகிறவனுக்கு உலகத்தில் ஒரே எதிரி தண்ணீர். தண்ணீரைத் தடுக்கும் பசை எதையும் தடுக்கும் என்று நம்பிவிட்டார்.

கோயிலில் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். பாதிச் செபத்தில் குங்கிலியம் இளகியது, பிறகு புகைந்தது. கோயில் முழுக்கப் பூசைத் தூபத்தின் வாசம். வெளியே போய்க்கொண்டிருந்த செல்லாச்சி பூசை தொடங்கிவிட்டதென்று ஓடிவந்து முழந்தாளில் நின்று சிலுவை போட்டாள். சிவபாதத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணை, எங்கட சைவக் கோயிலிலையும் இதே வாசம்தான். இரண்டு பேருக்கும் பொதுவாய் ஒரு சாமான் செய்திட்டியள்!"

குருசுமுத்தர் சிரிக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாடும் வேண்டாம் என்று கதிரையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நேசம்மா குசினியிலிருந்து ஒரு மண்சட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இதிலை வெடிப்பு எங்கை எண்டு காட்டுங்கோ பாப்பம்."

திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவருக்கு வெடிப்புத் தெரியவில்லை.

"சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் குழைச்சுப் பூசினனான். மூண்டு மாசமாய் அடுப்பிலை கிடக்குது. நெருப்போடை மாரடிக்கிறவளிட்டை ஒரு சொல் கேட்டால் என்ன குறைஞ்சு போவியள்?"

அடுத்த நாள் வீடு அமர்க்களப்பட்டது. மரம் வேண்டாம் என்று முடிவாயிற்று. பழைய விளக்கின் பித்தளைத் தகடு குழாயானது. அதன்மேல், எண்ணெய் அடுப்பில் சுடர் பார்க்கும் துவாரத்துக்கு வைக்கும், சூடு தாங்கும் மைக்காத் தகட்டைச் சுற்றினார்கள். இரண்டு பக்கமும் கம்பி சரியாமல் தடுக்கும் வளையங்களுக்குத் தீயில் கருகாத பொருள் தேவைப்பட்டது. சங்கு குளிக்கிறவர்களிடம் உடைந்த சங்கு வாங்கி, அறுத்துத் தேய்த்து வளையமாக்கினார். எல்லாவற்றையும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் ஒட்டிப் பிடித்தன. குழைக்கக் குழைக்க அது இறுகிவிட்டதால் பன்னிரண்டு முட்டை முடிந்தது. நேசம்மா தவக்கால விரதத்தில் முட்டை சாப்பிடமாட்டாள். சிவபாதத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மஞ்சள் கரு முழுவதையும் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு சுருள் செய்வோமா என்று கேட்டார்.

நான்கு நாள் காயவிட்டு ஒத்திகை பார்த்தபோது சுருள் ஆமென் வரை தாங்கியது. ஒருமுறைதான். இரண்டாம் முறை பார்க்கக் குருசுமுத்தருக்குத் துணிவு வரவில்லை.

உயிர்த்த ஞாயிறு விடியற்காலை கோயில் நிறைந்து வாசலுக்கு வெளியேயும் சனம் நின்றது. முன்வரிசையில் யாகப்பு. குருசுமுத்தர் சுவிச்சோடு தூணருகில் நின்றார். பின்னால் பற்றரியோடு சிவபாதம். அவர்களுக்குப் பக்கத்திலேயே பாட்டுக்காரர் வரிசையில் நான்.

மணி அடித்தது. கதவு விழுந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் முள்முடித் தழும்பு தெரிந்தது, பிறகு முகம், விரித்த கைகள், பொன்கரை போட்ட வெள்ளை உடை. தடங்கல் இல்லாமல், ஒரு சத்தம் இல்லாமல், சுருபம் உச்சிவரை எழும்பி நின்றது. சனம் அல்லேலூயா என்று கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் கலைந்தன. யாகப்புகூட எழும்பிக் கைதட்டினான்.

குருசுமுத்தர் சுவிச்சை விடவில்லை. ஒரு விசுவாசப்பிரமாண நேரம் எப்போதோ கடந்துவிட்டது, இரண்டும் கடந்தது. சுருள் புகையவில்லை, ஆனால் சிவபாதத்துக்குப் பயம் பிடித்தது.

"அண்ணை, முழுக்க எழும்பியாச்சு. கையை எடுங்கோ, போதும்!"

குருசுமுத்தரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. சுருபத்திலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார்:

"கொஞ்சம் பொறும் தம்பி. இத்தனை வருசமும் நான் உள்ளுக்கை எல்லோ இருந்தனான். இண்டைக்குத்தான் பாக்கிறன்."