ஒரு ஜெபமாலை நேரத்து உளுந்து

மாவு அரைத்து விற்கிறவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: இட்லி பூவாக வந்தால் ஊற்றினவளுக்குப் பேர், கல்லாக வந்தால் அரைத்தவளுக்குப் பேர். இந்தத் தொழிலில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போத்தனூரில் ஒரு சந்தில் பல வருடமாக மாவு விற்கிறேன். கொரோனா வந்து ஊரை அடைத்தபோது என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லும் அடைத்துவிட்டது. மகள் திருப்பூரில், மகன் ஓசூரில். இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். எங்கள் அடுப்பு எரிய வேண்டுமென்றால் இந்தக் கிரைண்டர் சுற்ற வேண்டும். கிரைண்டர் சுற்ற வேண்டுமென்றால், என் கை சுத்தமான கை என்று சந்து நம்ப வேண்டும். என் தொழிலுக்குப் போட்ட முதல் அவ்வளவுதான். அரிசி, உளுந்தெல்லாம் அப்புறம்.

மிதித்தால் தண்ணீர்

முதல் வாரம் கிட்ட வரவே எல்லாரும் பயந்தார்கள். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அவரவர் போசியில், அதுதான் பாத்திரத்தில், பேர் எழுதி என் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு எட்டி நின்றுகொள்ள வேண்டியது. கை கழுவ வாசலில் ஒரு டிரம் வைத்தேன். கழுவின கையால் மறுபடி குழாயைத் தொடுவதா என்று எல்லாரும் திறந்தது திறந்தபடி போனார்கள். அரை மணி நேரத்தில் டிரம் காலி.

எதிர்வீட்டுக் கந்தசாமி அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். பட்டறை பூட்டிக் கிடந்தது. மனுசனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பழைய வண்டியின் பிரேக் பெடல் ஒன்று, ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் கம்பி. மறுநாள் காலையில் டிரம்முக்குக் கீழே மிதித்தால் தண்ணீர் வந்தது, காலை எடுத்தால் நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத்தன வருசம் கையை நம்பிப் பொழச்சமுங்க மேரியம்மா. இனிக் காலையுங் கொஞ்சம் நம்பிப் பாப்பமுங்க."

மீட்டிங்கில் வெந்தயம்

மாடிவீட்டுத் திவ்யாவுக்கு பெங்களூர் கம்பெனியில் வேலை. ஊரடங்கில் வேலையும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. காதில் வயரை மாட்டிக்கொண்டே பால்கனியிலிருந்து கயிற்றில் போசியை இறக்குவாள். தோசை முறுகலாக வரவில்லை என்று ஒரு நாள் சைகையில் சொன்னாள். நான் கீழேயிருந்து சத்தம் போட்டு விளக்கினேன்: "வாங்குன உடனே பிரிட்ஜுல வெக்காத கண்ணு! வெளிய வெச்சுப் பொங்க உடு! சும்மா சும்மா கரண்டிய உட்டுக் கலக்காத!"

திடீரென்று அவள் முகம் வெளுத்தது. மைக்கை அணைக்க மறந்திருக்கிறாள். மொத்த மீட்டிங்கும் என் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறது. பிள்ளை வேலைக்கு உலை வைத்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, எங்க மேனேஜர் இப்பத்தான் மொதல்தடவையா அவரே மாவு அரைக்கறாராம். வெந்தயம் எவ்வளவு போடோணும்னு கேக்கறாருங்க."

இட்லி பிழைக்கட்டும்

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கடிகாரம் பார்த்து உளுந்து அரைக்கிற வழக்கம் எனக்கில்லை. கிரைண்டரைப் போட்டுவிட்டு ஜெபமாலையை எடுப்பேன். மணி ஒன்றுக்கு ஒரு ஜெபமாக ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டி மாதா பிரார்த்தனையையும் முடிக்கிறபோது உளுந்து பந்துபோல எழும்பியிருக்கும். நிறுத்திவிடுவேன். இத்தனை வருடத்தில் பதம் தப்பியதில்லை.

ஆடி மாதம் காய்ச்சல் பரவியது. போசியோடு பேரெழுதின சீட்டுகளும் சுவருக்கு வர ஆரம்பித்தன. "மச்சானுக்கு மூச்சு வாங்குதுங்க, உங்க ஜெபத்துல சேத்துக்கோங்க" என்று மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் கேட்டார்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் கேட்டார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' கூட்டிக்கொண்டே போனேன். நாற்பது பேரைத் தாண்டியபோது, ஜெபம் முடியும்வரை கிரைண்டரும் சுற்றி, உளுந்து சூடேறிப் பொங்கும் சக்தியை விட்டுவிட்டது. மறுநாள் சந்து முழுக்கத் தட்டை இட்லி.

யாரும் முகம் சுளிக்கவில்லை. கந்தசாமி அண்ணன் மட்டும் காரணம் கேட்க வந்தார். சொன்னேன். "அதுல என்ற பேரும் இருக்குதுங்களா?" என்றார். "இருக்குங்கண்ணா, உங்க சம்சாரம் குடுத்தாங்க" என்றேன். அவர் உடனே சொன்னார்: "அதை எடுத்துப்போடுங்க அம்மணி. நான் எப்படியோ பொழச்சுக்கறேன், இட்லி பொழைக்கட்டும்."

தகரம்

அன்றிலிருந்து பேர்களை அரிசி அரைக்கிற நேரத்துக்கு மாற்றினேன். அரிசிக்குப் பொறுமை அதிகம். அண்ணன் பேரையும் எடுக்கவில்லை.

ஆவணியில் காய்ச்சல் எனக்கே வந்தது. கார்ப்பரேஷன்காரர்கள் வாசலை மறித்துத் தகரம் அடித்து நோட்டீஸ் ஒட்டினார்கள். உடம்பை லேசாகத்தான் படுத்தியது. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது: இந்தக் கை அரைத்ததை இனி யார் வாயில் வைப்பார்கள்? போதாக்குறைக்கு மூக்கும் செத்துப்போனது. மாவு புளித்ததா இல்லையா என்று தெரியாதவள் என்ன மாவுக்காரி?

பதினாலு நாள் கழித்துத் தகரத்தை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அரைப்படி மட்டும் அரைத்து வைத்தேன். காலையில் சுவரைப் பார்த்தேன், காலி. ஏழு மணிக்கும் காலி. ஏழரைக்கும் காலி. "விடு, நாமளே சுட்டுத் திம்போம்" என்றார் வீட்டுக்காரர். நான் மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அப்போது வாசலில் பெடல் கிறீச்சிட்டது. யாரோ கை கழுவுகிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கந்தசாமி அண்ணன் நின்றார். பக்கத்தில் ஒரு பெரிய கூடை. அதில் பேர் எழுதின பதினெட்டுப் போசி. "எல்லாரும் ஒட்டுக்கா வந்தாக் கூட்டமாயிருமுன்னு நானே அள்ளியாந்துட்டனுங்க" என்றார்.

"பயமா இல்லீங்களா அண்ணா? எனக்கு இன்னும் வாசங்கூடத் தெரியலீங்க" என்றேன். அவர் மாஸ்க்கை இறக்கி, வாசலில் வைத்திருந்த மாவுக் குண்டாவுக்குள் குனிந்து, நன்றாக மூச்சிழுத்தார். "பக்குவமாப் புளிச்சிருக்குதுங்க" என்றார். அப்புறம் பெடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதினாலு நாளும் சந்துல அவுங்கவுங்க சாமிகிட்ட உங்க பேரைச் சொன்னமுங்க. எங்க பக்கத்துல கிரைண்டர்ல உளுந்து ஓடலீங்களா, அதனால எப்ப நிறுத்தறதுன்னே தெரியல, நேத்து வரைக்கும் சொல்லீட்டே இருந்துபோட்டமுங்க."

அரைப்படி மாவைப் பதினெட்டுப் போசிக்குப் பங்கு வைத்தால் வீட்டுக்கு இரண்டு இட்லிதான் தேறும் என்பதும், அதற்கும் ஒருத்தர்கூடக் குறை சொல்ல மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிய, உலகத்துக்கே ஒரு நோய் வர வேண்டியிருந்தது.