வாடகை வீட்டில் சாக ஒரு இடம்

முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தது. என் மனைவி கஸ்தூரி வாசல் தெளிக்கக் குனிந்தாள். நிமிர முடியவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதுகோ முட்டியோ வலித்தால் புத்தூர் எலும்பு வைத்தியர்தான். போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். வலி போகவில்லை. மறுபடி போனோம். மூன்றாம் தடவை கட்டுப் போடுகிறவரே கையை எடுத்துக்கொண்டார்.

“இது எலும்பு இல்லம்மா. கண்ணு மஞ்சளா கீது பாரு. ஸ்கேன் எடு,” என்றார்.

அவர் சொல்லியிருக்காவிட்டால் நான்காம் தடவையும் போயிருப்போம்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். நகரி பக்கம் பிறந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. திருப்பதியில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறேன். இதை எழுதச் சொன்னது என் மகள் செல்வி. “உன்ன மாதிரி அலையறவங்க படிக்கட்டும் நைனா,” என்றாள்.

ஸ்கேனில் கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு) புற்றுநோய் என்று வந்தது. பித்தம் இறங்க ஸ்டென்ட் (சின்னக் குழாய்) வைத்தார்கள். மஞ்சள் போனது. கீமோ நான்கு முறை ஏற்றினார்கள். ஐந்தாவதுக்குப் போன அன்று டாக்டரம்மா ஊசியை எடுக்கவில்லை. எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

“இனிமே மருந்து ஏத்தினா நோய் குறையாது. இவங்கதான் குறைவாங்க,” என்றார். பிறகு கஸ்தூரியைப் பார்த்து, “நீங்க எங்க இருக்க ஆசைப்படறீங்க?” என்று கேட்டார்.

“எங்க வூட்ல. என் கட்டில்ல,” என்றாள்.

டாக்டரம்மா பேலியேட்டிவ் கேர் (நோய் தீராது என்று தெரிந்தபின் வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்வது) பற்றிச் சொன்னார். வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். கூட இருக்கப் பழக்கப்பட்ட ஆள் ஒருவரைத் தேடச் சொன்னார். பெரிய ஊர்களில் டெத் டூலா என்கிறார்களாம். பிரசவத்துக்குத் துணை இருப்பதுபோல் சாவுக்குத் துணை இருப்பவர்.

“வர்றப்ப ஒருத்தி, போறப்ப ஒருத்தியா? நல்லாத்தான் கீது,” என்றாள் கஸ்தூரி.

செல்வி போனில் தேடினாள். சென்னை வந்தது, பெங்களூர் வந்தது. திருப்பதி வரவில்லை. வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் இடங்களுக்கு நான் போனேன். காலில் சிமெண்டோடு போய் நின்றேன். ஒரு இடத்தில், “கடைசி கேஸ்னா எங்க பொண்ணுங்க வர மாட்டாங்க,” என்றார்கள். இன்னொரு இடத்தில் உடம்பு துடைக்க மட்டும் வருவோம் என்றார்கள்.

இரண்டு வாரம் போனது. தப்பு என் பேரில்தான். போன இடமெல்லாம் “பேஷண்ட பாத்துக்க ஆளு வேணும்” என்று கேட்டேன். சாவு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. ஒருநாள் மார்ஃபின் வாங்கும் கவுண்டரில் அலுத்துப்போய்க் கேட்டுவிட்டேன். “சாவப்போறவங்க கூட இருக்கிறவங்க யாராச்சும் தெரியுமா சார்?”

மாத்திரையை எண்ணிக்கொண்டே அவர் சொன்னார்: “சித்தூர்ல விமலா சிஸ்டர் கீறாங்களே.”

நீங்களும் அப்படிக் கேளுங்கள். நேராகக் கேட்டால் ஆள் கிடைக்கிறது.

விமலா சிஸ்டர் ஓய்வுபெற்ற நர்ஸ். சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். முதலில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கஸ்தூரியிடம், “யாரு வரணும்? யாரு வரக்கூடாது?” என்று கேட்டார்.

“இவரு தங்கச்சி வரக்கூடாது. எனக்கு முன்னாடி அவ அழுதே செத்துடுவா.”

“சரி. அவங்களுக்குக் கடைசில சொல்லிக்கலாம்.”

இருவரும் சிரித்தார்கள். என் தங்கை பாவம்.

சிஸ்டர் எங்களோடேயே தங்கினார். அவர் சொன்னதை செல்வி எழுதி ஒட்டினாள். வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்கு மாத்திரை. ஒரே பக்கம் படுக்க வைக்காமல் திருப்பிப் படுக்க வைப்பது. விழுங்க முடியாதபோது வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றக்கூடாது, பஞ்சால் நனைத்தால் போதும். வீட்டில் இறந்தால் சான்றிதழுக்கு யார் எழுதித் தருவார் என்று டாக்டரிடம் முன்பே பேசி வைப்பது. பதறி ஆம்புலன்ஸுக்கு போன் செய்யாமல் இருப்பது.

எல்லாம் சரியாக அமைந்தது என்று நினைத்தேன். வீட்டுக்காரரை மறந்துவிட்டேன்.

அவர் மாடியில் இருந்தார். ஒரு சாயங்காலம் இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றார்.

“மேஸ்திரி, ஏமீ அனுகோவத்து. தப்பா எடுத்துக்காதே. கடைசில ஆஸ்பத்திரிக்கோ ஊருக்கோ கொண்டுபோய்டு.”

அவர் பயம் தனிஷ்டா பஞ்சமி (அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரம், அதில் சாவு விழுந்தால் வீட்டை மாதக்கணக்கில் மூடிவைக்கும் வழக்கம்). மாடியில் அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வீட்டை மூடினால் கல்யாணம் என்ன ஆவது? அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் எங்களுக்கு வீடு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக கஸ்தூரிக்கு இஷ்டம் இல்லை.

எனக்குப் பேச வராது. தெரிந்ததைச் சொன்னேன்.

“அந்த அஞ்சுல போய்ட்டா வாசல் வழியா எடுக்க மாட்டேன் சார். கட்டில் பக்கம் சந்துச் செவுரு கீது. நானே ஒடைச்சு அப்படியே எடுத்துக்கினு போறேன். அன்னிக்கே கட்டிப் பூசிக் குடுத்துடறேன்.”

பழைய காலத்தில் அப்படிச் செய்வார்கள், வீட்டை மூட வேண்டியதில்லை. அவருக்கும் தெரியும். அவர் சுவரைப் பார்த்தார்.

“என் செவுருதான் கெடைச்சுதா ஒனக்கு?”

உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. “கவலப்படாதீங்க சார். நாள் பாத்தே போறேன். காலண்டர் மட்டும் குடுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் வெளியே வந்து, “உள்ள வந்து பாருங்க சார். நீங்க பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல,” என்றார்.

அவர் இரண்டு மாதமாக உள்ளே வந்ததில்லை. வந்தார். செல்வி அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று கஸ்தூரியைக் கேட்டார். ஏறிப் போகும்போது “உண்டண்டி” என்றார். இருங்கள் என்று அர்த்தம்.

மறுநாள் அவர் மனைவி ராகி ஜாவா (கேழ்வரகுக் கஞ்சி) அனுப்பினார். கூடவே காலண்டரும் வந்தது. ஐந்து நாளுக்குப் பென்சிலில் வட்டம் போட்டிருந்தது.

“பரீட்சை தேதி குடுத்தாப்ல கீது,” என்றாள் கஸ்தூரி. “பாஸ் பண்ணிடறேன்.”

அவளால் முடியவில்லை. வட்டம் போட்ட மூன்றாம் நாள் காலையில் மூச்சு மாறியது. நான் உளியையும் சுத்தியையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அரை மூட்டை சிமெண்ட் சந்தில் இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று எழுந்து எழுந்து நடந்தேன்.

“உக்காருங்க,” என்றார் சிஸ்டர். “அவங்க கால்மேல கைய வெச்சுக்கங்க. வேற வேல இல்ல உங்களுக்கு.”

வைத்தேன். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது (விழுங்க முடியாமல் எச்சில் தேங்குவது, அது அவர்களுக்கு வலிப்பதில்லை என்றார் சிஸ்டர்). ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சத்தம் குறைந்தது. செல்வி காதருகே ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். மூச்சு வந்தது. நின்றது. வந்தது. பத்தரை மணி இருக்கும். அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

கை அவள் கால்மேலேயே இருந்தது. சிஸ்டர் சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

சுவரில் கரியால் அளவு போட்டேன். உளியை வைத்தபோது வீட்டுக்காரரின் மனைவி மாடியிலிருந்து வந்தார். பின்னால் அவரும் வந்தார்.

“அத கீழ போடு மேஸ்திரி,” என்றார் அந்த அம்மா. “இந்தப் பொண்ண செவுத்து ஓட்டையில அனுப்பிட்டு நான் என் பொண்ணுக்கு கல்யாணம் செய்யணுமா?”

“பஞ்சமிம்மா,” என்றேன்.

வீட்டுக்காரர், “பரிகாரம் பண்ணிக்கலாம். ஐயரைக் கேட்டுட்டேன்,” என்றார். “வாசல் வழியா எடு.”

வாசல் வழியாகத்தான் எடுத்தோம். என் தங்கையும் அதற்குள் வந்துவிட்டாள். அழுதாள். நன்றாகவே அழுதாள்.

பரிகாரம் செய்தார்கள். மாடியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நானும் செல்வியும் அதே வீட்டில்தான் இருக்கிறோம்.

என் மனைவி போய்விட்டாள். அது குறைதான். ஆனால் அவள் கேட்ட இடத்தில் போனாள். அந்த நினைப்பு எனக்குச் சோறு இறங்க வைக்கிறது.

டைல்ஸ் ஒட்டினால் காய விட வேண்டும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அடுத்த வேலைக்கு போன் போடுவேன், பீடி பிடிப்பேன். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கை மடியில் சும்மா கிடக்கிறது. சும்மா இருப்பதும் கைக்கு ஒரு வேலைதான் என்று தெரிந்துவிட்டது. என் மூச்சு போகிறது. அடுத்தது வருவதற்கு முன் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஐம்பத்தாறு வயதுவரை அது என் கண்ணில் படவில்லை. இப்போது அங்கே சற்று நின்றுவிட்டுத்தான் அடுத்ததை இழுக்கிறேன்.