எழுத்தழிந்த சில்லுகளும் ஒரு காப்பிச் செடியும்

நேரில் கண்டதையும், செய்தவர் வாயால் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். சமவெளியில் காப்பி வளர்கிறது என்ற செய்தி பலர் வாய்பட்டு என்னிடம் வந்தபோது, ஒரு தோட்டமே விளைந்துவிட்டதாகத் திரிந்திருந்தது. அங்கே இருந்தது ஒரே செடி.

ஐப்பசிக் காலை ஏழு மணிக்கு விருத்தாசலம் சந்திப்பில் இறங்கினேன். மங்கலம்பேட்டைச் சாலையிலுள்ள முந்திரித் தோப்புக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். எட்டு கிலோமீட்டர் என்றார் ஓட்டுநர், நான் அளக்கவில்லை. “காப்பிக்கா இம்மாந்தூரம் போறீங்க? ஸ்டேஷன் வாசல்லயே கிடைக்குதுங்களே” என்றார்.

தோப்புக்குரிய செல்வராணி தாவரவியல் படித்தவர். மலைக் காப்பி இவ்வூர் வெயிலைத் தாங்குவதில்லை. ஆகவே ஏற்காட்டிலிருந்தும் குடகிலிருந்தும் வந்த வகைகளை நிழலில் வளர்த்து, ஒன்றன் மகரந்தத்தை மற்றொன்றன் பூவில் தூரிகையால் தடவி, உறையிட்டுக் காத்து, விதையெடுத்து முளைக்கவைத்தார். கன்றுகளின் பெற்றோரைக் குறித்த சீட்டுகளைக் கறையான் அரிக்கத் தொடங்கியது. பீங்கான் தொழிற்கூடத்தில் சூளை வேலை பார்க்கும் அவர் கணவர் ஞானம், சுடாத களிமண் சில்லுகளைக் கொண்டுவந்தார். செல்வராணி அவற்றில் பேனாவால் பெயர்களை எழுதினார், ஞானம் சுட்டார். மை எரிந்து, சில்லுகள் வெறும் வெள்ளையாகத் திரும்பின. சீட்டுகளோ அதற்குள் மண்ணாகியிருந்தன.

“சூளையில மை நிக்காதுன்னு சூளைக்காரருக்கே தெரியலிங்க” என்றார் செல்வராணி.

“எழுதுனது காலேஜு படிச்சவங்க. அதுல நான் என்னாத்த கண்டேன்?” என்றார் ஞானம், சிரிக்காமல்.

பின்வந்த கோடையில் ஒரு கன்றைத் தவிர யாவும் கருகின. அந்த ஒன்று இரண்டு கோடைகளைக் கடந்து என் இடுப்புயரம் நிற்கிறது. பெற்றோர் தெரியாமையால் அதே கலப்பினத்தை மீண்டும் உருவாக்க வழியில்லை. பக்கத்துக் கொல்லை ஆடு ஒருமுறை வாய்வைத்தால் அத்தனை உழைப்பும் முடிந்தது. அதனால் செடியின் நிமிர்ந்த கிளையொன்றைத் துண்டுகளாக வெட்டி, ஈரமணலில் நட்டு, பாலிதீன் உறையால் மூடிவைத்திருந்தார்கள். நான் சென்ற நாளே உறை பிரிக்கும் நாள்.

முதல் மூன்று துண்டுகள் அழுகியிருந்தன. செல்வராணி அவற்றை ஒதுக்கிவைத்தார். நான்காவதை மணலோடு மெல்லக் கிளப்பினார். அடியில் நூல்போல் வெள்ளை வேர்கள். ஐந்தாவதிலும் இருந்தன.

ஞானம் இன்னும் சுடாத ஒரு பச்சைச் சில்லையும் ஆணியையும் எடுத்து நீட்டினார். “இந்தவாட்டி கீறிடு. கீறுனது போகாது.”

“என்னான்னுங்க கீற?”

“நம்ம ஊரு பேர கீறு.”

செல்வராணி அவ்வாறே கீறினார். பிற்பகல் ரயிலுக்குப் புறப்படுகையில் எனக்கு நிறைவாகவே இருந்தது. அச்செடியின் தாயும் தந்தையும் எவை என்பது தெரியாது. அது இன்னும் காய்க்கவில்லை. ஆகவே அதன் காப்பி எப்படியிருக்கும் என்பதும் தெரியாது.